பாடு வைத்த ஊரில் ஒரு பெயர்ப்பட்டியல்



இந்தப் பழவேற்காடு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. இறாலுக்கு வலை கட்ட இன்று யார் முறை, எந்த இடம் என்பது தலைக்கட்டுக் கணக்குப்படி நடக்கிறது. முறை வந்தவருக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கவும் இப்படியொரு கணக்குதான் வேண்டும். ஆனால் பாட்டுக் கணக்கில் ஆண்கள் பெயர்தான் இருக்கிறது. இடுப்பளவு நீரில் இறால் தடவும் பெண்ணும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி தொற்றிப் புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அப்படியிருந்தும் 2020இல் இந்தியாவில் இதனால் சுமார் 77,000 பெண்கள் இறந்ததாக உலகக் கணக்கீடு சொல்கிறது.

தடுக்க முடியும் என்று நம் மண்ணே காட்டியிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களைப் பரிசோதித்தார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெளுக்கிறதா என்று பார்ப்பது. தேவைப்பட்டால் உறைய வைத்துச் சிகிச்சை தருவது. ஒரே ஒரு சுற்றுதான். 2007இல் முடிவு வெளியானபோது, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. அதை நான் இன்று படித்தாலும் மனம் நிமிர்கிறது.

ஆனாலும் கண்ணால் பார்ப்பது பார்ப்பவரைப் பொறுத்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒடுங்கிவிடும். அதனால்தான் 2021இல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. மரபணுப் பரிசோதனையை முதன்மையாக்கியது. அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம். விடிகாலை ஏலத்துக்கு ஓடுபவளுக்கும், அந்நியர் முன் படுக்கக் கூசுபவளுக்கும் இது பெரிய விடுதலை.

இனி என் துறையான நோயியலுக்கு, நுண்ணோக்கியில் பார்ப்பதைப் படமாக்கி அனுப்பும் வேலைக்கு வருகிறேன். திசுவை மெல்லிய சீவலாக வெட்டுவதால் ஒரே குவியத்தில் படமெடுத்துவிடலாம். கருப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்ததைப் பரப்பிய பாப் ஸ்லைடில் செல்கள் மேலும் கீழுமாகப் படிந்திருக்கும். பல குவியங்களில் எடுக்க வேண்டும், கோப்பு பெருத்துவிடும். கென்யக் கடற்கரையில் கினோண்டோ என்ற சிற்றூரின் மருத்துவமனையில் 740 பெண்களின் ஸ்லைடுகளைச் சிறிய ஸ்கேனரில் ஏற்றி, கைபேசி வலையமைப்பு வழியே அனுப்பி, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆராய்ந்தார்கள். நிபுணர்கள் தீவிர மாற்றம் என்று குறித்த எதையும் அது இயல்பானது என்று தள்ளவில்லை. இயல்பான சிலவற்றைச் சந்தேகித்தது உண்மை. அவற்றை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். அந்தக் கடற்கரையில் முடிந்தது இந்தக் கடற்கரையிலும் முடியும். பொன்னேரிக்கும் சென்னைக்கும் பெண் அலைய வேண்டாம். படம் போய் வரட்டும்.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. நான் கையெழுத்திட்ட அறிக்கைகள் வாங்க ஆளில்லாமல் அலமாரியில் கிடந்ததுண்டு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, அறிக்கைக்குரிய பெண்ணால் மறுபடி வர முடியவில்லை. என் நுண்ணோக்கி சரியாகத்தான் பார்த்தது. அவளுக்கு அதனால் என்ன பயன்? ஸ்கேனர் எத்தனை வேகமானாலும் அறிக்கை அலமாரியில் தங்கினால் கதை அதேதான்.

ஆகவே இங்கே கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கருவியின் துல்லியத்தைச் சொல்லுங்கள். கூடவே, மாதிரி எடுத்த நாளுக்கும் சிகிச்சை கிடைத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் ஆனது என்றும் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் இன்னொன்று: குப்பத்துக்குக் குப்பம் 30 வயது தாண்டிய பெண்களின் பெயர்களை எழுதி, யாருக்கு எப்போது முறை என்று குறித்து வையுங்கள். இருளர் குடியிருப்புகளையும் விட்டுவிடாதீர்கள். அந்த நோட்டை இன்று மதியமே செவிலியர்களோடு உட்கார்ந்து தொடங்கலாம். அதற்காகப் பிற்பகல் அமர்வை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறேன்.