தீவகம்: நிலமும் தண்ணீரும் மனிதரும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு விழாவில் என்னைப் பேசும்படி கேட்டவர்கள், நான் ஒரு வைத்தியர் என்றபடியால் நீரிழிவைப் பற்றியோ மாரடைப்பைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் தீவகம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே பாக்கு நீரிணையில் கிடக்கும் எங்கள் தீவுகள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடை வைத்து, எங்களை இந்தக் கல்லூரிக்கு அனுப்பிய அப்பப்பாமாரில் பலர் புங்குடுதீவார், வேலணையார், காரைநகரார், நெடுந்தீவார். என்னுடைய அப்பப்பாவும் புங்குடுதீவிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வியாபாரம் செய்தவர்தான். பசிபிக் தீவுகளின் பெயர்களைப் பாடமாக்கிய எனக்கு, எங்கள் ஊர்ப் படகு எந்த இறங்குதுறையிலிருந்து புறப்படும் என்று தெரிந்திருக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு வைத்திய அதிகாரியாக அந்தத் தீவுகளில் ஒன்றுக்கு நியமனம் கிடைத்தபோதுதான் அதை அறிந்துகொண்டேன்.

முதலில் நிலத்தைச் சொல்கிறேன். தீவுகள் இரண்டு வகை. பாலம் உள்ளவை ஒரு வகை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் போனால் மண்டைதீவையும் வேலணையையும் அடையலாம். ஊர்காவற்துறை வேலணையோடு ஒட்டிய நிலம். வேலணையிலிருந்து வாணர் பாலத்தால் புங்குடுதீவு. வடக்கே பொன்னாலைப் பாலத்தால் காரைநகர். மற்ற வகை கடலைக் கடந்தே ஆகவேண்டிய நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. இவற்றுள் நயினாதீவுக்கு, புங்குடுதீவின் ஓரத்திலுள்ள குறிகட்டுவானிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணம் போதும். நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் ஆண்டு முழுவதும் ஆட்கள் போவதால் அங்கே படகுக்குக் குறைவில்லை. நெடுந்தீவுக்கு அதே துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம், கடல் அமைதியாக இருந்தால்.

நெடுந்தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர சபையின் எல்லை சுமார் 37 சதுர கிலோமீற்றர்தான். நாங்கள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நெருங்கி வாழும் இடத்தைவிடப் பெரிய நிலத்தில் அங்கே நாலாயிரம் பேரளவில் வாழ்கிறார்கள். முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், பனைகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, ஒரு பெருக்கமரம், வெள்ளைக்காரர் காலத்தில் வளர்க்கப்பட்டுப் பின் தானாகப் பெருகிய குதிரைகள் ஆகியவைதான் உல்லாசப் பயணிகளின் படங்களில் வருபவை. ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையே தீவுகளுக்கு வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆனது, வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரடாம். டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் இன்றும் அரசாங்கக் கடிதங்களில் நிலைத்திருக்கிறது.

இந்தத் தீவுகளில் ஆறு கிடையாது, மலை கிடையாது. சுண்ணாம்புக்கல்லும் மணலும்தான். வருஷத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை வாடைக்காற்றோடு வந்து போய்விடும். அந்த மழை கல்லின் துவாரங்களால் கீழே இறங்கி, அடியில் ஊறிநிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால்தான் அது மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு கண்ணாடி வில்லையைப் போல அது இருக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். இக்கணக்கை ஒல்லாந்தரான கைபென், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் நூறு வருஷங்களுக்கு முன்பே தனித்தனியாகச் சொன்னார்கள். இதன் மறுபக்கத்தைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர்நீர் நாற்பதடி ஏறிவரும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு இரவில் ஊறி மீண்டது. மோட்டர் போட்டு இறைத்த கிணறுகள் பல சவராகிவிட்டன.

தண்ணீர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கச்சதீவு சாட்சி. அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். 1974இல் இரண்டு அரசாங்கங்கள் அதைப் பற்றி ஒப்பந்தம் எழுதின. ஆனால் அங்கே ஒரு குடும்பமும் வாழவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. வசதி படைத்த தீவுக்கும் இதே நிலை வரலாம். 2014 டிசம்பரில் மாலைதீவின் தலைநகரான மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு நகரமே குடிதண்ணீருக்குத் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது.

ஒரு வைத்தியராக எனக்கு இந்தத் தண்ணீர் ஏன் முக்கியம்? சவர்த்தண்ணீர் குடிப்பவர், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாலும் தண்ணீரோடு உப்பை உட்கொள்கிறார். வங்காளதேசத்தின் கரையோரத்தில் நடந்த ஆய்வுகள், உவர்நீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடம் உயர் குருதி அழுத்தமும் அதனால் வரும் வலிப்பு நோயின் முன்நிலையும் கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கின்றன. எனது கிளினிக்கில் குருதி அழுத்தத்துக்கு மருந்து எழுதிக் கொடுக்கும்போது, "எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறியள்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எந்த மருத்துவப் புத்தகமும் எனக்கு அந்தக் கேள்வியைச் சொல்லித்தரவில்லை. அங்கிருந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் சொல்லித்தந்தார்.

இனி மற்றத் தண்ணீர், சுற்றியிருக்கும் கடல். 1994இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தடேயஸ், மெய்ன் என்ற இரு பெண்கள், தாய்மார் ஏன் சாகிறார்கள் என்பதை மூன்று தாமதங்களால் விளக்கினார்கள். வைத்தியசாலைக்குப் போவதென்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். போய்ச் சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இலங்கை இந்த மூன்றையும் வெகுவாகக் குறைத்த நாடு. அதனால்தான் தாய் மரண வீதத்தில் தென்னாசியாவுக்கே நாங்கள் முன்மாதிரி. ஆனால் தீவில் இரண்டாவது தாமதம் காற்றின் கையில் இருக்கிறது. சோளகம் பலமாக வீசும் மாதங்களில் படகு ஓடுமா என்பதை ஓட்டி காலையில் கடலைப் பார்த்துத்தான் சொல்வார்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். பாயில் படுத்திருந்த ஒரு வாலிபனை எண்ணெய் விரியன் கடித்துவிட்டது. இந்தப் பாம்பு கடித்த இடத்தில் வீக்கமும் பெரிதாக இராது, நோவும் இராது. சில மணிநேரத்தில் கண்ணிமை தாழும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். விஷமுறிப்பு மருந்து என்னிடம் இருந்தது. செயற்கைச் சுவாச இயந்திரம் இருக்கவில்லை. காற்றோ பலம். மருந்தை ஏற்றிக்கொண்டே, இங்கே வைத்திருப்பதா அனுப்புவதா என்று யோசித்தேன். பிள்ளையின் தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டொக்டர் பிள்ளை, உங்கட தம்பி எண்டால் என்ன செய்வியள்?" அனுப்பினேன். இரண்டு கடற்றொழிலாளர் தங்கள் வள்ளத்தை இறக்கினார்கள். தாதியும் நானும் ஏறினோம். பாதி வழியில் அவனுக்கு இமை தாழத் தொடங்கியது. மறுகரையில் அம்புலன்ஸ் காத்து நின்றது. பிழைத்துக்கொண்டான். அந்த வள்ளக்காரர் எரிபொருளுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. "நாளைக்கு எங்கட வீட்டிலையும் நடக்கும்" என்றார்கள்.

அந்தக் கடலோடு அவர்களுக்கு வேறு நினைவுகளும் உண்டு. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகில் பெண்கள், குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990, 91ஆம் ஆண்டுகளில் தீவுகளில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ஆளற்ற புங்குடுதீவைக் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தொகுதியில் எழுதிவைத்திருக்கிறார். தனிநாயகம் அடிகளார் பிறந்த கரம்பனும் இந்தத் தீவகத்தில்தான் இருக்கிறது.

ஆட்கள் திரும்பினார்கள், ஆனால் எல்லோரும் அல்ல. இன்று கிளினிக்கில் வரிசையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில், இங்கே வெள்ளவத்தையில். கர்ப்பிணிகள் திகதிக்குச் சில வாரங்கள் முன்பே கடலைக் கடந்து யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்குகிறார்கள். அது சரியான ஏற்பாடு, நானே அப்படித்தான் அனுப்பினேன். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். தீவில் பிள்ளைகள் வளர்கிறார்கள், பிறப்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாணம் என்றுதான் இருக்கும். உறவினர் வீடு இல்லாத பெண்ணுக்கு அந்தச் சில வாரங்கள் பெரிய செலவு.

ஆட்கள் குறைகிறார்கள் என்றால் ஆசிரியர், வைத்தியர், படகு எல்லாம் குறையும். அவை குறைந்தால் இன்னும் சிலர் வெளியேறுவார்கள். கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு இது நியாயமாகவே தெரியும். நாலாயிரம் பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பார். ஆனால் தூரம் கூடிய இடத்துக்குத் தலைக்கணக்கால் வசதி அளப்பது, குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு மருந்து கொடுப்பதுபோலத் தவறு.

எங்கள் பங்கு என்ன? தீவுகளில் கோயில்கள் எழும்பியிருக்கின்றன, கோபுரங்கள் உயர்ந்திருக்கின்றன. பக்தியை நான் குறை சொல்லவில்லை. கடல் கடந்து போனவர்களின் அன்பு அது. அந்த அன்பில் ஒரு பங்கை வேறு மூன்று காரியங்களுக்குக் கேட்கிறேன்.

ஒன்று, யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலைக்கு அருகில், தீவுகளிலிருந்து வரும் கர்ப்பிணிகள் தங்க ஒரு வீடு. சங்கம் ஒன்று வாடகைக்கு எடுத்து நடத்தக்கூடிய காரியம் இது.

இரண்டு, மழைக்கு முன் கேணிகளையும் குளங்களையும் தூர்வாருவதும், கூரைகளில் விழும் மழையைப் பிடிக்கத் தொட்டி கட்டுவதும். நிலத்தடி நன்னீரை மீட்க வேறு குறுக்குவழி இல்லை.

மூன்றாவதற்கு ஒரு சதமும் வேண்டாம். எனது நோயாளி ஒரு அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், தினமும் குடத்தோடு நல்ல தண்ணீருக்கு நெடுந்தூரம் நடந்தார். வழியில் ஒரு வளவு. உள்ளே நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பது ஊருக்கே தெரியும். படலைக்குப் பூட்டு. "ஆர்ரை வளவு அம்மா?" என்று கேட்டேன். "கொழும்பில இருக்கினம், நல்ல சனம். பூட்டினது காவலுக்குத்தான், ஒருத்தரும் அவையளிட்டைக் கேக்கேல்லை" என்றார். பூட்டியவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. கேட்பதற்குத் தொலைபேசி இலக்கம் அந்த அம்மாவிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே, தீவகத்தில் காணி வைத்திருக்கும் அக்காமாரே, தங்கைமாரே, இன்றிரவு வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்கள் வளவில் கிணறு இருக்கிறதா? தண்ணீர் நன்னீரா சவரா? படலைத் திறப்பு யாரிடம் இருக்கிறது? காணியை எழுதிக் கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. மோட்டர் பூட்டாமல், வாளியால் அள்ளிக் குடிப்பதற்கு அயலவரை அனுமதித்து, கிணற்றுக்கு ஒரு கட்டும் மூடியும் போட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தால் குளோரின் இடுவதை அவர் பார்த்துக்கொள்வார். அள்ளப்படாத கிணற்றில் சருகும் பாசியும்தான் சேரும்.

இந்தச் சங்கம் நூறு வருஷம் நிலைத்ததற்குக் காரணம், கல்லூரியை விட்டுப் போனவர்கள் அதை விட்டுவிடாததுதான். எங்கள் ஊரையும் அப்படியே நினைத்துக்கொள்வோம்.