கிழித்த படங்களும் கிழியாத வினாவும்
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே விழா நிறைவுற்று அனைவரும் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், சிவகாசியில் குடியிருக்கும் ஒரு தாய் என்னிடம் வந்தார். "ஐயா, என் மகன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். எறும்பையும் மிதிக்காமல் நடக்கப் பழக்கி வளர்த்தோம். இப்போது அவன் நோட்டு முழுவதும் நெருப்பு உமிழும் பாம்புகள், பல தலைப் பூதங்கள், கொம்பு முளைத்த மனிதர்கள். அவன் மனத்துக்குள் இருப்பது இதுதானோ என்று அஞ்சி எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். மூன்று நாள்களாக அவன் என்னோடு பேசவில்லை" என்றார். அன்று எனக்குத் தக்க விடை தோன்றவில்லை. ஓராண்டாக எண்ணிப் பார்த்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஒருவர் விரும்பும் படம் அவருடைய குணத்தைக் காட்டிவிடுமா? இவ்வினாவுக்கு விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நாட்டின் வீடுகளில் தொங்கும் நாள்காட்டிகளும், பட்டாசுப் பெட்டிகளின் வண்ணப் படங்களும் சிவகாசி அச்சகங்களிலிருந்து செல்பவை. அங்கே இன்று தெய்வப் படம் அச்சாகும். நாளை புலி முகமும் பூத முகமும் அச்சாகும். அச்சிடுபவர் இன்று பக்தராகவும் நாளை பூதமாகவும் மாறுவதில்லை. பெட்டியின் மேல் தாமரை இருக்கலாம். உள்ளே இருப்பது வெடி. மேலொட்டிய தாளைக் கொண்டு உள்ளிருப்பதை அளந்துவிட முடியாது என்பதைச் சிவகாசிக் குழந்தையும் அறியும்.

சிவகாசி நாள்காட்டிகளின் வழியே தமிழ்நாடெங்கும் அறிமுகமான ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). இளமையில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் துறவு நாட்டத்தோடு தங்கியிருந்தவர். பின்னர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர். அணிகலன் ஒளிரும் திருமகளையும் அரண்மனைகளையும் வரைந்த கை, எளிய வாழ்வு வாழ்ந்த ஒருவருடைய கை.

இது போன்ற ஐயம் நம் சமயத்துக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியைப் பாடிய திருத்தக்கதேவர் ஒரு ஜைன முனிவர். அரசனின் கருவுற்ற தேவி மயிற்பொறியில் ஏறி வானில் பறப்பதும், அது சுடுகாட்டில் இறங்க அங்கே சீவகன் பிறப்பதும் அந்நூலில் வரும் வியப்புகள். சீவகன் எண்மரை மணப்பதால் அதற்கு மணநூல் என்றே பெயர் வந்தது. இன்பச் சுவை இவ்வளவு ததும்பப் பாடியவர் அவ்வின்பத்தை நுகர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று சிலர் ஐயுற்றனர் என்றும், பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தி அவர் தம் தூய்மையை மெய்ப்பித்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இக்கதையைக் கேட்டு முனிவரின் பெருமையை வியக்கிறோம். அவர் கையில் இரும்பை ஏந்தச் செய்த ஐயத்தைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. நூலை இறுதிவரை படித்திருந்தால் அந்த ஐயத்துக்கு இடமே இருந்திராது. பதின்மூன்று இலம்பகங்களில் கடைசியானது முத்தி இலம்பகம். எல்லா இன்பங்களும் அங்கே துறவில் சென்று அடங்குகின்றன.

ஆகவே கற்பனை குற்றமற்றது என்று சொல்லி அமர்ந்துவிடலாமா? அமர முடியாது. நம்மிடமே யசோதர காவியம் இருக்கிறது. உயிர்ப்பலி கொடுக்க மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டினான். மாவில் குருதியில்லை, உயிருமில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, பல பிறவிகளில் துன்புற்று, இறுதியில் கோழிகளாகவே பிறந்து மடிந்தார்கள். வெட்டப்பட்டது உருவம்தானே என்று நம் முன்னோர் விட்டுவிடவில்லை. வாளை ஓங்கியபோது உள்ளத்தில் கொலை எண்ணம் இருந்தது; வினை அந்த எண்ணத்தைப் பற்றியது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் விடை தெளிகிறது. தேவர் இன்பத்தைப் பாடினார். அவர் உள்ளம் அதில் ஒட்டவில்லை. மன்னன் மாவைத்தான் வெட்டினான். அவன் உள்ளம் அதில் ஒட்டியிருந்தது. உருவம் எது என்பதன்று, உள்ளம் அதனோடு என்ன செய்கிறது என்பதே கேள்வி. ரௌத்திர தியானத்தின் நான்கு வகைகளுள் முதலாவதை நம் ஆகமங்கள் இம்சானந்தம் என்கின்றன. பிறிதோர் உயிரின் துன்பத்தில் மகிழ்வது என்பது அதன் பொருள். பூதத்தின் வடிவில் வியப்புறுவது அதுவன்று. பூதம் ஒருவரை நசுக்கும்போது நசுங்குபவரின் வேதனையில் களிப்பது அது. எத்தனை பேர் கண்களைப் பறிக்கும் அழகிய படத்தின் முன்னும் பொறாமையோடு நிற்கிறார்கள்!

ஆறு லேசியைகளை விளக்கும் நாவல் மரக் கதையை நீங்கள் அறிவீர்கள். பசித்த அறுவர் ஒரே மரத்தைக் கண்டார்கள். ஒருவன் வேரோடு வெட்ட நினைத்தான். ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் கனியை மட்டும் பறிக்க நினைத்தான். ஆறாமவன் தரையில் உதிர்ந்தவை போதும் என்றான். கருமை முதல் வெண்மை வரை உயிரின் நிறத்தைக் காட்டியது அவர்கள் கண்ட மரமன்று, அதன்முன் எழுந்த எண்ணமே. மரத்துக்குப் பதிலாக ஒரு படத்தை வைத்தாலும் கணக்கு மாறாது.

பார்சுவநாதரின் வரலாற்றில் பாறையை ஏந்தி வரும் கமடனும் உண்டு, படம் விரித்துக் காக்கும் தரணேந்திரனும் உண்டு. கோவில்பட்டிக்கு அருகே கழுகுமலைப் பாறையில் பாம்பின் குடைக்கீழ் நிற்கும் பெருமானைச் சிற்பி செதுக்கியிருக்கிறான். பல தலைப் பாம்பைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை; கை கூப்புகிறோம். அந்தப் பிள்ளையின் நோட்டிலும் பல தலைப் பாம்பு இருந்தது. அது யாரையேனும் காத்துக்கொண்டிருந்ததா, கடித்துக்கொண்டிருந்ததா என்று கேட்பதற்குள் தாள் கிழிந்துவிட்டது.

அம்மா, நீங்கள் இங்கே இருந்தால் ஒன்று சொல்கிறேன். உங்கள் அச்சம் அன்பில் பிறந்தது. ஆனால் அன்று உங்கள் வீட்டில் நிகழ்ந்த துன்பம், பூதம் செய்ததன்று. மகனிடம் அதை ஒப்புக்கொண்டு, புதிய நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவன் வரைந்ததும் அருகில் அமர்ந்து, "இது என்ன, தம்பி? இதை வரையும்போது உனக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். கேட்டபின் அமைதியாக இருங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் படத்தைக் கொண்டு உங்களை அளக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த அளவுகோல் உங்கள் கையில் இருக்கிறது. இரவில் சாமாயிகத்தில் அமரும்போது, இன்று கண்டவற்றுள் எதில் என் மனம் களித்தது என்று கேட்டுப் பாருங்கள். வியப்பில் களித்தது என்றால் நிம்மதியாக உறங்குங்கள். பிறர் வேதனையில் களித்தது என்றால், தாளைக் கிழிக்க வேண்டாம், மனத்தைத் திருத்துங்கள்.

அறம் வளர்க.