பாரணை இல்லாத நோன்பு

(திருநின்றவூரில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உடல் எடையைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நண்பகல் மணி அடித்தபின் வகுப்பறைகளைச் சுற்றி வந்தது ஒன்றே எனக்குள்ள தகுதி. முற்காலத்தில் ஒரு பிள்ளை மதியம் உண்ணாதிருந்தால் வீட்டில் அரிசி இல்லை என்று பொருள். நான் ஓய்வுபெறும் காலத்திலோ, நெய் மணக்கும் சோற்றைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெறும் பாத்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாணவியரைக் கண்டேன். தாய் பாத்திரத்தைத் திறந்து பார்த்து மகிழ்வாள்.

2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர் இறந்தார். உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தால் மாதக்கணக்கில் உணவை ஒதுக்கியவர் அவர். அதே ஆண்டு ஜூலையில் நம் குளச்சல் அருகே, ஏறத்தாழ மூன்று மாதங்கள் பழச்சாற்றையே உணவாகக் கொண்டிருந்த 17 வயது மாணவர் திடீரென உயிரிழந்தார். இருவரும் இணையக் காணொளிகளைப் பார்த்தே இம்முறையைத் தொடங்கினர் என்று செய்தித்தாள்கள் எழுதின. இது பெண்பிள்ளைகளின் நோய் மட்டுமன்று என்பதையும் கருத வேண்டும்.

கண்ணூர் மாணவிக்கு இருந்ததாக மருத்துவர்கள் கூறிய நோயின் பெயர் அனரெக்சியா நெர்வோசா. 1873இல் வில்லியம் கல் என்னும் ஆங்கில மருத்துவர் இட்ட பெயர் அது. எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பருமனாகவே காணும். மனத்துள்ளே கோயில் கட்டிய பூசலாரின் ஊர் இது. மனத்தில் எழுப்பியது கண்ணால் காண்பதைவிட உறுதியாக நிற்கும் என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, "நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய்" என்று வாதாடி அப்பிள்ளையை மாற்ற இயலாது. நிறைய உண்டுவிட்டு, குற்ற உணர்வால் வாந்தி எடுக்கும் மற்றொரு வகையும் உண்டு. உண்டவுடன் குளியலறைக்குச் சென்று தாழிட்டுக்கொள்ளும் பிள்ளையைக் கவனியுங்கள்.

நம் புலவர்களும் இல்லாத இடையைப் பாடியவர்கள்தாமே என்று என் மாணவி ஒருத்தி கேட்டதுண்டு. நல்ல கேள்வி. ஆனால் அது உயர்வு நவிற்சி என்று கேட்போர் அறிந்திருந்தனர். இன்றைய கைப்பேசிப் படம் தன்னை உண்மை என்று சொல்லிக்கொள்கிறது. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. கொழுத்த உடலையே அழகென்று போற்றிய மக்கள் அவர்கள். ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் அவ்வாண்டு பள்ளி மாணவியரைக் கேட்டபோது, எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. 1998இல் நூற்றுக்குப் பதினொருவர் சொன்னார்கள்.

இன்னொரு செய்தி நமக்கு மிக நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரின்போது, கொல்ல மாட்டோம் என்று படையில் சேர மறுத்த அமெரிக்க இளைஞர் 36 பேர், பட்டினியின் விளைவை அறிய மின்னசோட்டாவில் நடந்த ஆய்வுக்குத் தம் உடலைத் தந்தனர். ஆறு மாதம் வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதியே அவர்களுக்குக் கிடைத்தது. எடையில் கால் பங்கு குறைந்தது. மனவுறுதி மிக்க அவர்கள் என்ன ஆனார்கள்? எந்நேரமும் உணவையே நினைத்தார்கள். சமையல் நூல்களைப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சினமும் சோர்வும் மிகுந்து நட்பை வெறுத்தார்கள். ஆக, உண்ணாத பிள்ளையின் எரிச்சலையும் தனிமையையும் திமிர் என்று கொள்ளாதீர்கள். பசித்த மூளையின் இயல்பு அது.

இனி, நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். உண்ணாமையைப் போற்றும் சமூகம் நம்முடையது. அட்டமி, சதுர்த்தசியில் உபவாசம் இருக்கிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. இந்நோயுற்ற பிள்ளைக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்குமா? "இன்று எனக்கு விரதம்" என்றால் பாட்டியும் கையெடுத்துக் கும்பிடுவாள். வேறுபாட்டை எப்படி அறிவது? நோன்புக்கு நாள் உண்டு, சங்கற்பம் உண்டு, முடிவில் வீடே கூடி மகிழும் பாரணை உண்டு. நோயாளிப் பிள்ளை பாரணையைக் கண்டு அஞ்சும்; முடித்தவுடன் அடுத்த விரதத்தைத் தேடும்; மறுநாள் எடைக் கருவியில் ஏறி நிற்கும். வினை உதிர்தல் நோன்பின் பயன். எடை உதிர்தல் அன்று. தீர்த்தங்கர நிலைக்குக் காரணமான பதினாறு பாவனைகளிலேயே தவமும் தியாகமும் சக்திக்கேற்ப என்றுதான் வைத்தார்கள். வளரும் பிள்ளையின் சக்தி எவ்வளவு என்று அளந்து பார்க்கும் கடமை பெற்றோருக்கு உண்டு.

பாரணையைப் பயற்று நீர் போன்ற இலகுவான பொருளில் தொடங்கும் முன்னோர் வழக்கிலும் அறிவு இருக்கிறது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறையச் சோறிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் உப்புக் குறைந்து இதயம் தடுமாறும். எனவே, மிக மெலிந்த பிள்ளையை வற்புறுத்தி ஊட்டாமல் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாதவிலக்கு நிற்றல், முடி உதிர்தல், எப்போதும் குளிர்தல், நாடித் துடிப்பு மெதுவாதல், மயக்கம் ஆகியவை காத்திருக்கக்கூடாத அறிகுறிகள். மனநல மருத்துவர் என்றவுடன் "ஊரார் என்ன சொல்வர், நாளை வரன் அமையுமா" என்று தயங்காதீர்கள். டெலி மானஸ் என்னும் அரசு சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

குண்டு, பூசணி என்னும் செல்லப் பெயர்களையும் இன்றே விட்டுவிடுங்கள். திருமண வீடுகளில் பிள்ளையைக் கண்டவுடன் "இளைத்துவிட்டாயே, அழகாயிருக்கிறாய்" என்பதும் அதே வகைதான்.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். 2016இல் ஹைதராபாதில் 68 நாள் உபவாசம் முடித்த 13 வயதுச் சிறுமி இறந்ததையும், பெற்றோர்மீது வழக்குப் பதிவானதையும் நாம் மறக்கவில்லை. அங்கே நடந்தது வேறு, எடையச்சம் வேறு. ஆயினும் வளரும் உடலுக்கு இரண்டும் ஒன்றே. 18 வயது நிறையாதவரை நெடிய உபவாசத்திற்காக மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதை வரும் தசலட்சணப் பர்வம் முதல் நிறுத்திவிடுங்கள். சுவாத்தியாயம் செய்த பிள்ளைக்கும், பாட்டிக்குப் பணிவிடை செய்த பிள்ளைக்கும் அந்தப் பொன்னாடை போகட்டும்.