விமான நிலையமும் ஊராட்சியும்

(காஞ்சிபுரத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நெசவையும் ஏரிப் பாசனத்தையும் பற்றிப் பேசிப் பழகிய இம்முகாமில் இன்று ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச வந்துள்ளேன். காரணம் தாங்கள் அறிந்ததே. 2022 ஆம் ஆண்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்திற்கு நம் மாவட்டத்துப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது முதல், ஏகனாபுரம் முதலிய ஊர்கள் தங்கள் நஞ்சையும் ஏரியும் போய்விடுமே என்று கிராம சபையில் தீர்மானம் இயற்றி எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளன. அத்திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புக் கூறுவது என் பதவிக்குரிய வேலையன்று. ஆனால், விமான நிலையத்தால் சுற்றுப்புறம் பெறுவது யாது, ஊராட்சி செய்ய வேண்டுவது யாது என்பதை முன்னரே அமைந்துள்ள சிறிய நிலையம் ஒன்றைக் கொண்டு ஆராய்வது நம் அனைவருக்கும் பயன்படும்.

வாகைக்குளம் காட்டும் வழி

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் வாகைக்குளம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கு 1992 ஆம் ஆண்டில் கடற்கரை மாவட்டத்திற்கென ஒரு சிறு விமான நிலையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டராகவே இருந்தமையால் நீண்ட காலம் சிறிய விமானங்கள் மட்டுமே அங்கு இறங்கின. பின்னர் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டது. 2025 ஜூலை 26 அன்று புதிய முனையக் கட்டடமும் திறக்கப்பட்டது.

இதனால் திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்க வருவோரும், துறைமுகத்தை நாடி வரும் வணிகரும் பயண நேரம் குறையப் பெற்றனர். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. விமானத்தில் ஏற்றத் தகுந்த சரக்கு, எடை குறைந்ததாகவும் விலை மிகுந்ததாகவும் அல்லது விரைவில் கெடுவதாகவும் இருத்தல் வேண்டும். மல்லிகைப் பூவும், இறாலும், நம் ஊர்ப் பட்டுச் சேலையும் அவ்வகையைச் சேர்ந்தவை. நெல்லும் உப்பும் லாரியிலும் ரயிலிலும் கப்பலிலுமே செல்லும். ஆகவே, விமானம் வந்தால் நெல்லுக்கு விலை ஏறிவிடும் என்று எவரேனும் கூறினால் அதை நம்ப வேண்டா. பூவைக் குளிர்ச்சியாகக் காக்கும் அறையும், கூட்டுறவுச் சங்கத்தின் நேரடி விற்பனையும் உடன் அமைந்தால்தான் விமானத்தின் லாபம் விளைவித்தவன் கைக்கும் நெய்தவன் கைக்கும் வந்து சேரும்.

ஆபத்துக் காலத்தில் வானூர்தியின் உதவி பெரிது. 2017 ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் கடலில் சிக்கிய மீனவர்களை விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தேடின. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலின் பயணிகளுக்கு ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. இராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் விமான தளம் ஒன்று இருந்து மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் கண்காணித்து வருகிறது.

ஊராட்சியின் கடமைகள்

முதலாவது, நீர்வழி. ஓடுபாதை நீண்டு சமதளமாக இருக்க வேண்டுவது; நம் நிலமோ ஏரிக்கு ஏரி சரிந்து செல்வது. பாலாற்று நீரைக் கொணரும் கம்பன் கால்வாய் பரந்தூர்ப் பகுதி வழியாகவே செல்கிறது. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகச் செல்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது அந்நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டது. நீர் தன் வழியை மறப்பதில்லை. எனவே ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள ஏரி, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் அனைத்தையும் வரைபடத்தில் குறித்துப் பதிவேட்டில் ஏற்றி வைத்தல் வேண்டும். எத்திட்டம் வந்தாலும், கேள்வி கேட்க அதுவே நமக்கு ஆதாரம்.

இரண்டாவது, குப்பை. விமான தளத்திலிருந்து 10 கிலோ மீட்டர் சுற்றளவில் குப்பையும் கழிவும் கொட்டுவதையும், திறந்த வெளியில் விலங்குகளை அறுப்பதையும் விமான விதிகள் தடுக்கின்றன. குப்பை மேட்டுக்குக் கழுகும் பருந்தும் வரும். அவற்றில் ஒன்று விமான எந்திரத்தில் புகுந்தாலும் உயிர்களுக்கு ஆபத்து. விமான நிலையம் இல்லாத ஊருக்கும் குப்பையைத் தரம் பிரித்து உரமாக்குதல் நன்மையே.

மூன்றாவது, கட்டட உயரம். 20 கிலோ மீட்டர் வரை உயரக் கட்டுப்பாடு நீளக்கூடும். கோபுரமோ, செல்பேசிக் கம்பமோ, மாடி வீடோ எழுப்ப விரும்புவோர் பணத்தைச் செலவிடுவதற்கு முன் விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடத்தைப் பார்த்து அறிந்துகொள்ளுமாறு ஊராட்சி அறிவுறுத்த வேண்டும்.

நான்காவது, யாவற்றினும் முக்கியமானது, மக்கள் பட்டியல். நிலம் எடுக்கப்படும்போது பட்டாவில் பெயருள்ளவர் இழப்பீடு பெறுவர். தந்தை பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்துள்ள சகோதரர்கள் இன்றே பாகப்பிரிவினையைப் பதிவு செய்துகொள்ளட்டும். பட்டாவே இல்லாதவர் கதி என்ன? 2013 ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது. ஆனால், நாற்று நட்ட பெண்ணின் பெயர் எந்த அடங்கலிலும் இராது. அவர் இவ்வூரில் உழைத்தார் என்று எழுதி வைக்க வேண்டியவர்கள் தாங்களே. கிராம சபையில் வாசித்து, ஆட்சேபம் கேட்டு, நிறைவேற்றிய பட்டியலுக்கு மதிப்பு உண்டு.

அன்பர்களே! ஓடுபாதை போடுவோர் எந்திரங்களுடன் வருவர். சில ஆண்டுகளில் வேலையை முடித்துச் செல்வர். ஏரியும், ஊரும், உழைத்த குடும்பங்களும் நம் பொறுப்பில் உள்ளவை. அடுத்த கிராம சபையில் ஏரிப் பதிவேட்டையும் குடும்பப் பட்டியலையும் முதற் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தங்களை வேண்டி, என் உரையை முடிக்கிறேன்.