மூத்திரப் பையும் யந்திரக் கையும்
(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நான் இன்று பேச வந்த விஷயத்தைக் கேட்டுச் சிலர் முகத்தைச் சுளிக்கலாம். மூத்திரப் பை என்பதைச் சபையில் சொல்லலாமா என்பார்கள். மூத்திரம் பெய்யாத மனிதன் இச்சபையில் எவனாவது உண்டா? இப்படி வெட்கப்படுகிறவன்தான், மூத்திரத்தில் இரத்தம் வந்தாலும் "நோவு இல்லையே" என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான். மூத்திரப் பைப் புற்று நோயில் பெரும்பாலும் முதல் அடையாளமே நோவில்லாத இரத்தந்தான். ஆகவே இதை ஆளைக் கொல்லும் வெட்கம் என்கிறேன்.

புற்று, பையின் தசைக்குள் இறங்கிவிட்டால், பையையே எடுத்துவிடுவது ஒரு முக்கிய சிகிச்சை. சரி, பிறகு மூத்திரம் எங்கே போவது? 1887-ல் ஜெர்மனியில் பார்டன்ஹாயர் என்ற டாக்டர் முதன்முதலாகப் பை முழுவதையும் எடுத்தார். மூத்திரத்துக்கு வழி செய்ய முடியவில்லை. நோயாளி 14-ம் நாள் மாண்டார். 1950-ல் அமெரிக்க டாக்டர் பிரிக்கர், சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, மூத்திரக் குழாய்களை அதில் தைத்து, மறுமுனையை வயிற்றின் மேல் வாயாகத் திறந்துவிடும் முறையை விளக்கி எழுதினார். வெளியே ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்வந்தவர்கள் அக்குடலையே நீளவாட்டில் பிளந்து, மடித்துத் தைத்து, உள்ளேயே பையாக்கினார்கள். ஏன் பிளக்க வேண்டும்? குழாயாகவே விட்டால் குடல் சுருங்கித் தள்ளும். பிளந்து மடித்தால் அழுத்தம் குறையும், கொள்ளளவு பெருகும். பிரமன் படைத்ததாகச் சொல்லும் பைக்குப் பதில் மனிதன் தைத்த பை!

இனி யந்திரக் கைக்கு வருவோம். எகிப்து தேசத்தில் ஒரு புழுவால் இந்நோய் மிகுதியாக இருந்தது. 1851-ல் கெய்ரோவில் அப்புழுவைக் கண்டவர் பில்ஹார்ஸ். 1910-ல் ரஃபர் என்பவர், 3,000 வருஷத்துச் சவங்களின் குண்டிக்காயில் அதன் முட்டைகளைக் கண்டார். அத்தனை ஆயிரம் வருஷத்துப் பூசையும் காட்டாத புழுவைப் பூதக்கண்ணாடி காட்டிற்று. அந்நாட்டு மன்சூரா நகரத்தில், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த மணி மேனன், அவ்வூர் டாக்டர்களோடு கூடி, ரோபாட் யந்திரத்தின் துணையால் 17 பேருக்குப் பையை எடுத்து, 2003-ல் அறிக்கை வெளியிட்டார். குடலைப் பையாகத் தைத்தது மட்டும் சிறு கீறல் வழியே வெளியே எடுத்துக் கையால்தான். இப்பொழுது அதையும் வயிற்றுக்குள்ளேயே தைக்கிறார்கள்.

உடனே "யந்திரமே ஆபரேஷன் செய்கிறது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது தானாக ஒரு தையலும் போடாது. டாக்டர் உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால் அது அசையும், அவ்வளவே. சாமியை விட்டு யந்திரத்தைக் கும்பிடுவது பகுத்தறிவாகாது.

பரீட்சை சொல்லுவதைக் கேளுங்கள். 2018-ல் வெளியான அமெரிக்கப் பரீட்சையில், 2 வருஷம் நோய் முற்றாமல் உயிரோடிருந்தவர்கள் யந்திரப் பிரிவில் 100-க்கு 72.3; வயிற்றைத் திறந்த பிரிவில் 71.6. அதாவது புற்றை வெல்லுவதில் இரண்டும் ஏறக்குறைய சமமே. யந்திரத்தில் இரத்த நஷ்டம் குறைவு, நேரம் அதிகம். 2022-ல் வெளியான இங்கிலாந்துப் பரீட்சையில், 338 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். முதல் 90 நாளில் ஆஸ்பத்திரிக்கு வெளியே உயிரோடிருந்த நாள், யந்திரப் பிரிவில் 82, மற்றதில் 80. லாபம் உண்டு, அற்புதம் இல்லை.

ஆகவே யந்திரம் இல்லாத ஊரிலிருப்பவன் தலையிலடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்காகக் காணியை விற்கப் புறப்படுமுன், "இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று டாக்டரைக் கேளுங்கள். உள்பையா, வெளிப்பையா என்பதையும் கேளுங்கள். உள்பைக்குக் குண்டிக்காய் நன்றாயிருக்க வேண்டும். இரவில் எழுந்து மூத்திரம் விட வேண்டும். சிலர் தாமே குழாய் செருகிக்கொள்ளவும் நேரிடும். வெளிப்பை கேவலமல்ல, அதோடு உழைத்துப் பிழைக்கலாம். அவரைத் தள்ளி உட்காரச் சொல்லுகிறவனே கேவலம்.

கடைசியாக, பீடி சிகரெட் புகையின் விஷம் மூத்திரத்தில் இறங்கி அப்பையிலேயே தங்குகிறது. இந்நோய்க்கு அது பெரிய காரணம். அதை விடுவதற்கு எந்த யந்திரமும் வேண்டாம். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாமல், யோசித்துச் சரியென்று பட்டால் நடவுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.