உயிர் காக்கும் சிகிச்சையும் சுற்றத்தார் கடமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம்மவருள் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்பட்டார் எனக் கேட்ட மாத்திரத்தில், சிலர் "இனி நம்பிக்கையில்லை" என்று கலங்குகின்றனர். சிலரோ "யந்திரம் பிழைப்பித்துவிடும்" என்று மனப்பால் குடிக்கின்றனர். அப்பிரிவு தோன்றிய வரலாற்றை அறியின் உண்மை விளங்கும்.

1952-ஆம் வருஷம் டென்மார்க்கு தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாய்ப் பரவிற்று. சுவாசத் தசைகள் செயலற்ற முதல் 31 நோயாளரில் 27 பேர் மாண்டனர். பிளெக்டாம் வைத்தியசாலையிலோ போதிய சுவாச யந்திரங்கள் இல்லை. ஆகஸ்டு 27-இல் பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், மரணத் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துவாரமிட்டு வைத்த குழாய் வழியே, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் சுமார் 1500 மாணவர் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளரருகே அமர்ந்து பையை அமுக்கினர். நூற்றுக்கு 87 ஆயிருந்த மரணம் ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. 1953-இல் இப்சன் இத்தகைய நோயாளர்க்கெனத் தனிப்பிரிவே அமைத்தார்.

அக்காற்று நோயைத் தீர்க்கவில்லை. உடல் தானே தேறுமளவும் அவகாசம் தந்தது. இக்காலத்துச் சுவாச யந்திரம் செய்வதும் அவ்வளவே. உடல் தேறும் நிலையைக் கடந்துவிடின் அவ்வவகாசம் வேதனையை நீட்டுவதாகவும் முடியும்.

ஆதலின் நம் கடமைகள் மூன்று. கும்பலாய்ச் சென்று நெருக்காமல், அனுமதி பெற்றவர் மட்டும் கைகழுவி உட்செல்லுதல் ஒன்று. குடும்பத்தார் சார்பில் ஒருவரே நாடோறும் வைத்தியரைக் கண்டு, நோயாளர் தேறுகின்றாரா, தளர்கின்றாரா என வினவி யாவர்க்கும் உரைத்தல் இரண்டு. பெரியோர் நலமாயிருக்கும்போதே அவர்தம் விருப்பத்தைக் கேட்டறிதல் மூன்று. அதனை எழுதிவைக்க நம் நாட்டு உச்சநீதிமன்றம் 2018-இல் இடமளித்து, 2023-இல் அம்முறையை எளிதாக்கியும் உள்ளது.

இப்பேச்சை அமங்கலமென்று தள்ளுவார் பலர். நிலத்தையும் நகையையும் விற்றுச் செலவிட்டபின், "அவர் இதனை விரும்பினாரோ?" என்றறியாது ஆண்டுக்கணக்கில் மனம் புழுங்குவதினும் அமங்கலம் வேறுண்டோ? நம் இல்லந்தோறும் இம்மாதமே இவ்வுரையாடல் நிகழ்க என வேண்டி அமைகின்றோம்.