ஆனைக்கொய்யாக் கொட்டையும் மாங்குளத்துப் பெரியம்மாவும்

(தோட்டக் குடும்பங்களின் மாதக் கூட்டமொன்றில் நாம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆனைக்கொய்யா சாப்பிட்டதும் கொட்டையை என்ன செய்கிறோம்? லயத்துக் கானுக்குள் எறிகிறோம். அது அங்கேயே முளைத்தும் விடுகிறது. பிறகு யாராவது புல்லு வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். இன்றைக்கு அந்தக் கொட்டையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். பேச வைத்தவர் மாங்குளத்தில் நாம் சந்தித்த ஒரு பெரியம்மா.

1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. உங்களில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கும். இந்தப் பெரியம்மாவும் அப்படிப் போனவர்தான். பெட்டிக்குள் உடுப்போடு இரண்டு ஆனைக்கொய்யாக் கொட்டையும் போனதாம்.

"அது ரெண்டும் கச்சான் காத்துல கருகிப் போச்சு தம்பி. பிறகு வச்சது ஆளுயரம் வந்திச்சு, 1990ல சண்டை வந்து ஓடினோம். அடுத்தது பூக்கிற நேரம், 2008ல திரும்பவும் ஓடினோம். எட்டு வருசம் ஒரே இடத்துல இருந்தாத்தானே காய் பாக்கலாம்?" என்றார்.

யுத்தம் முடிந்து திரும்பி வந்து வைத்த மரம் இப்போது கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. காய்க்கிறது. ஆனாலும் அவருக்கு ஒரு குறை. "நம்ம தோட்டத்துப் பழம் மாதிரி இல்ல, தண்ணியா இருக்கு" என்கிறார். நல்ல பழத்தின் கொட்டைதானே வைத்தோம், ஏன் இப்படி?

இதற்கு விடை உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி போல இன்னொரு செடி இருக்கிறதா? ஒன்று துளிர்க்கும், பக்கத்தது வங்கியாய் நிற்கும். வீ.பி. மலையில் அப்படியில்லை. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த 2025 போன்ற இனங்களைத் தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டித் தவறணையில் வளர்ப்பதால் எல்லாம் ஒரே மாதிரி வருகின்றன. ஆனைக்கொய்யாவும் அதே கதைதான். கொட்டையில் இரண்டு மரத்தின் குணம் கலந்திருக்கிறது. தாயைப் போல வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

சில வேளை தாயைவிட நல்லதாகவும் வரும். இன்று உலகச் சந்தையில் அதிகம் விற்கும் ஹாஸ் என்ற இனம் அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ருடோல்ப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920களில் ஒரு கொட்டையை முளைக்க வைத்து அதில் வேறு இனத்தை ஒட்டப் பார்த்தார். ஒட்டுப் பிடிக்கவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்ட கன்றுதான் அந்தப் பழத்தைத் தந்தது. தாய் மரம் வேரழுகல் நோயால் 2002இல் பட்டுப் போனது. ஆனால் இப்படி நடப்பது ஆயிரத்தில் ஒன்று. அதை நம்பி நாம் எட்டு வருடம் காத்திருக்க முடியாது. ஆகவே கொட்டையை முளைக்க வைப்போம், அதில் நல்ல மரத்தின் குச்சியை ஒட்டுவோம். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும்.

கொட்டையை மரத்திலிருந்து பறித்த முற்றிய பழத்தில் எடுங்கள். நிலத்தில் விழுந்து கிடந்ததில் வேரழுகல் கிருமி இருக்கலாம். கழுவி, காயவிடாமல் இரண்டு கிழமைக்குள் மண்ணில் வைத்துவிட வேண்டும், காய்ந்தால் உயிர் போய்விடும். ஓட்டை போட்ட பொலித்தீன் பையில் மேல்மண், மணல், மக்கிய மாட்டெரு நிரப்பி, தட்டையான பக்கம் கீழே, கூரான பக்கம் மேலே வரும்படி, நுனி சற்றுத் தெரிய வையுங்கள். நிழலில் இருக்கட்டும். முளைக்க ஒரு மாதம், சில வேளை இரண்டு மாதம் எடுக்கும். பிள்ளைகள் ஈர்க்குக் குத்திப் போத்தல் தண்ணீரில் முளைக்க வைப்பார்கள். பார்க்க ஆசையாய்த்தான் இருக்கும், ஆனால் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையென்றால் டெங்கு நுளம்பைத்தான் வளர்ப்பீர்கள்.

தண்டு பென்சில் பருமன் வந்ததும் ஒட்டலாம். முதல் தடவை விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுப் பழகுங்கள்.

நடும் இடம்தான் முக்கியம். இந்த மரம் தண்ணீர் கேட்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வேர் அழுகிவிடும். கானோரம் வேண்டாம், மேட்டில் வையுங்கள். வேர் மேலோட்டமாக ஓடுவதால் அடியை முள்ளால் கிளறாதீர்கள், சருகு போட்டு மூடுங்கள். மரம் முப்பது நாற்பது அடி உயரும், லயத்துச் சுவருக்கும் தகரத்துக்கும் கிட்ட வேண்டாம். பெரியம்மா சொன்ன எட்டு வருடக் கணக்கு நமக்கும் பொருந்தும். லயத்து முற்றத்தில் வைக்கிறவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வளர்ந்த பிறகு வெட்டச் சொன்னால் மனசு தாங்காது. சொந்தமாய் ஏழு பேர்ச் கிடைத்தவர்கள் மூலையில் ஒன்று வைக்கலாம்.

ஆடு, மாடு வளர்க்கிறவர்கள் கவனியுங்கள்! இதன் இலையை வெட்டிப் போடக் கூடாது. ஆட்டின் மடி வீங்கிப் பால் வற்றிவிடும்.

மாங்குளத்துச் சொந்தக்காரருக்குக் கொட்டை அனுப்புவோர் ஈரத்துணியில் சுற்றி அனுப்புங்கள். சித்திரை வைகாசியில் பையில் போட்டால் ஐப்பசி மழையோடு நடலாம். அங்கே முதல் இரண்டு வருடம் கிடுகால் நிழல் கட்டி, தண்டுக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, இலை நுனி கருகும். ஒட்டுவதற்குப் பொலொக் இனம் நல்லது. அது சூடான தாழ்நிலத்து இனம்.

பெரியம்மா இன்னொரு கொட்டையும் பையில் போட்டு வைத்திருக்கிறார். "அடுத்த முறை வரும்போது ஒட்டுறதுக்கு நல்ல குச்சி கொண்டாங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினார். ஐப்பசிக்கு முன் நாம் போகிறோம். உங்களில் யாரிடமாவது பொலொக் மரம் இருந்தால் இந்தக் கூட்டம் முடிவதற்குள் சொல்லுங்கள், குச்சி வெட்ட நாமே வருகிறோம்.